கன்னியம்மாவுக்கு நாம் சொன்ன பதில்

மரகதம்,

கூடத்தில் நீயும் அம்மாவும் கல்யாணப் புடவைகளைப் பிரித்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் அடுத்த அறையில் உட்கார்ந்து உனக்குக் கடிதம் எழுதுகிறேன். ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற மகளுக்குக் கடிதம் எழுதும் அப்பனை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? நேரில் சொல்லிவிடலாம் என்றுதான் உன்னைக் கூப்பிட்டேன். நீ வந்து நின்றதும் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். மறுபடி கூப்பிட்டு, கல்கத்தா ரயிலுக்கு என்ன சாப்பாடு கட்டப் போகிறீர்கள் என்று விசாரித்தேன். வகுப்பில் தொண்டை கிழியக் கத்திப் பாடம் நடத்துகிறவனுக்கு உன் ஒருத்தி முன்னால் வாய் வரவில்லை. படித்துவிட்டு இதை ஒளித்து வைக்காதே. மாப்பிள்ளைக்குக் காட்டு, கேட்கிற யாருக்கும் காட்டு. நான் செய்த தவறு அச்சில் வந்தது. அதற்கான திருத்தம் மட்டும் அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் ரகசியமாக இருப்பது நியாயமில்லை.

போன வாரம் கன்னியம்மா நம் வீட்டுக்கு வந்தாளே, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். குப்பத்திலிருந்து காலடிப்பேட்டைக்கு மீன் கூடை சுமந்து வருகிறவள், அன்றைக்குக் கூடை இல்லாமல் வந்தாள். உன் கல்யாணத்துக்கு என்று ஒரு முழு வஞ்சிரத்தை இலையில் சுற்றிக்கொண்டு வந்து அம்மா கையில் கொடுத்தாள். காசை நீட்டியபோது கோபித்துக்கொண்டாள். நெற்றியில் பெரிய பொட்டு, கொண்டையில் பூ. அவள் புருஷன் ஏழுமலை கட்டுமரத்தில் போய்ப் புயலில் காணாமல் போனபோது நீ சின்னப் பெண். அவள் அன்று வைத்த பொட்டை இன்னும் எடுக்கவில்லை. உன் கன்னத்தைத் தடவிவிட்டு, "இன்னா கண்ணு, கல்கத்தாவுக்குப் போறியாமே. நீ பூட்டா நான் யாராண்ட போயி கேப்பேன்? போறதுக்கு முன்னாடி ஒரு தபா பாத்துச் சொல்லிட்டுப் போ. அவுரு கீறாரா? எங்கியாச்சும் கீறாரா?" என்று கேட்டாள். நீ ஒரு கணம் என் பக்கம் திரும்பினாய். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் மடியில் கிடந்த துண்டையும் அதைப் பற்றியிருந்த கையையும் பார்த்தாய். பிறகு அவளிடம், "இருக்கார் கன்னியம்மா, வருவார்" என்றாய். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அன்றையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாண வீட்டு அலைச்சல் என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நீ அறிந்து பார்த்தாயோ அறியாமல் பார்த்தாயோ, எனக்குத் தெரியாது. உன் மேல் எனக்குச் சந்தேகமும் இல்லை, கோபமும் இல்லை. அந்தக் கையைப் பார்க்க உன்னைப் பழக்கியவன் நான். அது எப்படி நடந்தது என்பதை நீ முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உனக்குப் பத்து வயதிருக்கும். யுத்தம் முடிந்து, குண்டுக்குப் பயந்து பட்டணத்தைக் காலி செய்து போனவர்கள் எல்லாம் திரும்பியிருந்தார்கள். பர்மாவுக்குப் போன மகன், கப்பலில் போன தம்பி என்று எந்தத் தெருவிலும் தகவல் தெரியாத ஒருவருக்காகக் காத்திருந்தார்கள். ஜோசியர்களுக்குக் கொள்ளை வியாபாரம். அந்தச் சமயத்தில்தான் பட்டணத்துப் பெரிய மனிதர்கள் சிலர் சேர்ந்து ஒரு மன ஆராய்ச்சி சபை வைத்தார்கள். வெளிநாட்டுச் சர்வகலாசாலைகளில் ஞானதிருஷ்டியை விஞ்ஞான முறைப்படி சோதிக்கிறார்களாம், நாமும் சோதித்துப் பார்ப்போம் என்றார்கள். யோசனையில் தப்பில்லை. எதையும் சோதித்துப் பார்க்கலாம். நானும் அவர்கள் கூட்டத்துக்குப் போனேன். அங்கே எல்லாருக்கும் பெயருக்குப் பின்னால் பட்டம் நீண்டுகொண்டு போகும். நான் ராயபுரம் மிளகாய் மண்டிக்காரர் மகன், பள்ளிக்கூடத்து விஞ்ஞான வாத்தியார். கடைசி வரிசையில்தான் இடம். ஒன்று முதல் ஐந்து வரை எண்கள் எழுதிய அட்டைகளை வைத்துக்கொண்டு வீட்டில் விளையாடும்போது நீ பாதிக்கு மேல் சரியாகச் சொல்வாய். அதை ஒரு நாள் கூட்டத்தில் சொன்னேன். உடனே தலைவரான பழைய ஜட்ஜ் எழுந்து வந்து என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார். அந்த நாற்காலி எனக்குப் பிடித்துப்போயிற்று, மரகதம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வந்தது.

சோதனை என்று நான் எதைச் சொன்னேன் தெரியுமா? உனக்கும் எனக்கும் நடுவில் மேஜை மேல் ஒரு அட்டைத் தடுப்பு. அதற்குப் பின்னால் நான் அட்டையை எடுத்துப் பார்ப்பேன், நீ எண்ணைச் சொல்வாய். அட்டைகளைக் கலைத்தவன் நான், பார்த்தவன் நான், நீ சொன்னதை எழுதியவன் நான், சரியா தப்பா என்று தீர்ப்புச் சொன்னவனும் நான். ஆரம்பத்தில் நீ தப்பாகச் சொன்னால், பிள்ளை இன்னும் மனசை ஒருமுகப்படுத்தவில்லை என்று அதைத் தள்ளிவிடுவேன். கடைசியில் தப்பாகச் சொல்ல ஆரம்பித்தால் களைத்துவிட்டாய் என்று நிறுத்திவிடுவேன். நடுவில் தப்பாகச் சொன்னதில்கூட சிலது அடுத்து வரப்போகும் அட்டைக்குப் பொருந்தியது. ஆகா, முன்கூட்டியே பார்க்கிறாள் என்று அதையும் வெற்றிப் பக்கம் சேர்த்தேன். ஐந்தில் ஒன்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே சரியாகிவிடும். எங்கே ஆரம்பிப்பது, எங்கே நிறுத்துவது, எதைச் சரி என்பது எல்லாவற்றையும் விடை தெரிந்த பிறகு நானே முடிவு செய்தால் தெருவில் போகிற ஆடுகூட ஞானி ஆகிவிடும். இதே நான்தான் வகுப்பில், ஊசலை ஆட்டிப் பார்க்காமல் புத்தகத்தில் இருந்த விடையை எழுதிவைத்த ஒரு பையனைப் பிரம்பால் அடித்தேன். "கண்ணால் பார்க்காததை எழுதுவாயா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தேன்.

சபையில் ஒரு லேடி டாக்டர் இருந்தார், உனக்கு நினைவிருக்கும், உன்னிடம் ஆரஞ்சுப் பழம் கொடுத்தவர். அவர் மட்டும் கைதட்டவில்லை. "மாஸ்டர், நீங்களே பார்க்கிறீர்கள், நீங்களே எழுதுகிறீர்கள், நீங்களே மார்க் போடுகிறீர்கள். பாப்பா அடுத்த அறையில் உட்காரட்டும். கார்டை நான் கலைக்கிறேன், அவள் சொல்வதை வேறொருவர் எழுதட்டும்" என்றார். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. மறுக்கவும் முடியவில்லை. அன்றைக்கு உன்னை அடுத்த அறையில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். நீ சொன்னது வேறு எந்தப் பிள்ளையும் குத்துமதிப்பாகச் சொல்கிற அளவுக்குத்தான் இருந்தது. கதவைத் திறந்தபோது நீ என்னைத் தேடிக்கொண்டு எழுந்து நின்றாய். நான் உன்னைப் பார்க்கவில்லை. டாக்டரிடம், குழந்தைக்கு லேசாக ஜுரம், அந்த நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றேன். "அப்படியா, நன்றாகச் சொன்ன நாட்களில் ஜுரம் இருந்ததா என்று பார்த்தீர்களா?" என்று கேட்டார். சந்தேகப்படுகிறவர்கள் பக்கத்தில் இருந்தால் இந்தச் சக்தி ஒடுங்கிவிடும் என்று ஏதோ உளறினேன். ஜட்ஜ் தலையாட்டினார். வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் நீ உரித்த ஆரஞ்சில் பாதியை என் பக்கம் நீட்டினாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அடுத்த வாரம் நீ வடிவுடையம்மன் சந்நிதியில் நின்று "எனக்கு மறுபடியும் தெரியணும்" என்று வேண்டிக்கொண்டாயாம், அம்மா சொன்னாள். பத்து வயதுப் பெண் சாமியிடம் கேட்கிற வரமா அது? அப்போதாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

உண்மை எனக்கு எங்கே தெரிந்தது என்றால், பெரியப்பாவின் மண்டியில். நம் தொழிலில் பேரம் வாயால் நடப்பதில்லை, உனக்குத் தெரியும். விற்கிறவரும் வாங்குகிறவரும் கையைக் கோத்துக்கொண்டு மேலே துண்டைப் போட்டு மூடுவார்கள். எத்தனை விரலைப் பிடிக்கிறார்களோ அத்தனை விலை. முழுக் கையையும் சேர்த்து இறுக்கினால் சரி, பேரம் முடிந்தது. பக்கத்தில் நிற்கிறவனுக்கு விலை தெரியக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட பழக்கம். அன்றைக்கு நான் உன்னைக் கூட்டிக்கொண்டு மண்டிக்குப் போயிருந்தேன். நீ மூட்டை மேல் உட்கார்ந்து பொட்டுக்கடலை தின்றுகொண்டிருந்தாய். பெரியப்பா ஒரு வியாபாரியோடு துண்டு போட்டார். நீ பாட்டுக்கு "மூணு... இப்போ நாலு" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். வியாபாரி திடுக்கிட்டுக் கையை உருவிக்கொண்டார். பெரியப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "எலே, உன் மவள வச்சுக்கிட்டு இங்க யாவாரம் பண்ண முடியாது. துண்டு அசையுதத வச்சே வெலயச் சொல்லுதா. சின்னதுலருந்தே இவ இப்படித்தாம்" என்றார்.

நான் சிரிக்கவில்லை. காலேஜுக்குப் போகும்வரை நானும் அந்த மண்டியில் வளர்ந்தவன்தானே. ஒரு எண்ணை மனசில் நினைத்தால் என் விரல்கள் தானாக மடங்கும். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, மடியில் இருந்த துண்டைக் கவனித்தேன். மூன்று என்று எழுதிய அட்டைக்கு மூன்று விரல் துண்டைப் பிடித்தது. இரண்டுக்கு இரண்டு விரல். அட்டையை உன்னிடமிருந்து அவ்வளவு கவனமாக மறைத்தவன், என்னை மறைக்கவில்லை. நீ மேஜைக்குப் பக்கவாட்டில் உட்காருவாய். அங்கிருந்து என் மடி தெரியும். பொய் சொல்ல வேண்டும் என்று நீயும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. அந்த நிமிஷம் வரைக்கும் அது ஏமாற்று இல்லை, முட்டாள்தனம். தெரிந்த பிறகும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேனே, அதற்கு என்ன பேர் வைப்பது என்று நீயே சொல். சபையின் பத்திரிகையில் என் கட்டுரை அச்சுக்குப் போயிருந்தது. திருப்பி வாங்க ஒரு தபால் கார்டு போதும். கடைசி வரிசைக்குத் திரும்பிப் போக வேண்டியிருக்குமே என்று போடவில்லை.

புயல் அடித்தது அந்த மாதம்தான். ஜட்ஜ் உன்னைப் பார்க்க வேண்டுமென்று காரில் நம் வீட்டுக்கு வந்தார். கார் நின்றதால் தெருவே கூடிவிட்டது. அந்தக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு கன்னியம்மா உள்ளே வந்து உன் காலடியில் உட்கார்ந்தாள். மற்ற கட்டுமரங்கள் எண்ணூர்ப் பக்கம் கரை ஒதுங்கிவிட்டன, ஏழுமலையுடையது மட்டும் வரவில்லை. அவர் இருக்கிறாரா என்று அவள் கேட்டதும் நீ மிரண்டுபோனாய். உனக்கு என்ன தெரியும்? "இல்லை அம்மா, குழந்தையை விட்டுவிடு" என்று நான் சொல்லியிருக்கலாம். ஜட்ஜ் என் காதருகே, "கேளுங்கள் மாஸ்டர், சோதனை அறைக்கு வெளியே இப்படி ஒரு சந்தர்ப்பம் கிடைக்குமா?" என்றார். நான் கேட்டேன். "சொல்லும்மா, அவர் இருக்காரா, வருவாரா?" என்று உன்னிடம் நானே கேட்டேன். நீ என் கையைப் பார்த்தாய். என் கை துண்டை முழுசாகச் சேர்த்து இறுக்கியிருந்தது. வருவார் என்றாய். அறிந்தே இறுக்கினேனா என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். அந்தப் பெண்பிள்ளைக்கு நல்ல வார்த்தை கிடைக்கட்டும் என்ற ஆசை இருந்தது. ஜட்ஜ் முன்னால் நீ தயங்கி நிற்கக் கூடாது என்ற ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது. உன் கண் எங்கே போகும் என்பது எனக்கு அப்போது நன்றாகத் தெரியும். இதற்கு மேல் என்னால் என்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியவில்லை.

அச்சுக்குப் போயிருந்த கட்டுரையின் கடைசியில் அதையும் சேர்க்கச் சொல்லி, "பலன் எதிர்பார்க்கப்படுகிறது" என்று இங்கிலீஷில் எழுதினேன். இதைவிட வெட்கக்கேடு வேறு இல்லை. திரும்பி வராதவன் எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம். இன்றைக்கு வராவிட்டால் நாளைக்கு, இந்த வருஷம் இல்லாவிட்டால் அடுத்த வருஷம். எந்த நாளும் பொய்யாக முடியாத ஒரு பதிலுக்குச் சோதனையில் இடமே கிடையாது. பொய்யாகிப்போக வழி இருக்கிற பேச்சைத்தான் சோதிக்க முடியும். இது என் வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரனுக்கும் தெரியும். குப்பத்துப் பெரியவர்கள் ஏழுமலைக்குக் கரையில் காரியம் செய்ய நாள் குறித்தபோது கன்னியம்மா ஒத்துக்கொள்ளவில்லை. வாத்தியார் வூட்டுப் பாப்பா சொல்லிவிட்டது, இங்கிலீஷ் புஸ்தகத்திலேயே போட்டுவிட்டார்கள் என்றாளாம். எண்ணூரில் ஒரு நல்ல மனிதன் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டான். அவனையும் திருப்பி அனுப்பினாள். இதெல்லாம் என் காதுக்கு வந்தது. வரும்போதெல்லாம் அடுத்த மாதம் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். அதற்குள் நீ பெரியவளாகிவிட்டாய், அவளும் தலை நரைத்துவிட்டாள். சபை கலைந்தது, ஜட்ஜும் போய்ச் சேர்ந்தார். திருத்தம் எழுதி அனுப்ப எனக்கு இப்போது ஒரு விலாசம்கூட இல்லை.

உலகத்தில் அப்படி ஒரு சக்தி இல்லவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அதைச் சொல்கிற தகுதியும் எனக்கு இல்லை. நான் செய்த சோதனை எதையும் காட்டவில்லை, அவ்வளவுதான். உனக்கு ஏதோ இருந்து அது உன் தப்பால் போய்விட்டது என்று இன்னும் எங்கேயாவது நினைத்துக்கொண்டிருந்தால் அதை இன்றோடு விட்டுவிடு. உன்னிடம் எந்தக் குறையும் இல்லை. உனக்குக் கூர்மையான கண் இருந்தது, அப்பா மேல் பிரியம் இருந்தது. இரண்டையும் நான் மேடைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

நேற்றுக் காலை, கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் குப்பத்துக்குப் போனேன். கன்னியம்மா மணலில் பாய் விரித்துக் கருவாடு பரப்பிக்கொண்டிருந்தாள். "இன்னா வாத்தியாரே, நீயே வந்துட்ட? கண்ணாலத்துக்கு மீனு வோணுமா?" என்று சிரித்தாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மண்டி, துண்டு, விரல் எல்லாவற்றையும். அவள் கை நின்றுவிட்டது.

"அப்ப பாப்பா பாத்துச் சொல்லல?"

"இல்லை. என் கையைப் பார்த்துச் சொன்னாள்."

"உன் கைக்கு இன்னா தெரியும்?"

"ஒன்றும் தெரியாதும்மா."

"அப்ப அவுரு செத்துட்டாரா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் அவளுக்கு ஒரு முடிவாவது கிடைக்கும் என்று தோன்றியது. வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதுவும் நான் பார்க்காத விஷயம்தானே. "அதுவும் எனக்குத் தெரியாது" என்றேன்.

அவள் என்னை ஏசுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பரப்பிய கருவாட்டை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டாள். அப்புறம் சொன்னாள்: "தெர்லன்னா தெர்லன்னு அன்னிக்கே சொல்லிகீலாமே வாத்தியாரே. குப்பத்துல அல்லாரும் அத்தான் சொன்னாங்கோ. போனவன் கத இன்னான்னு தெர்ல, தெர்லன்னு. இவுங்களுக்குப் படிப்பு இல்ல, அதான் தெர்லன்னு நெனச்சி உன் வூட்டுக்கு ஓடியாந்தேன்."

மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் காதில் வாங்கிக்கொண்ட மாதிரி தெரியவில்லை. கிளம்பும்போது கூப்பிட்டாள். "உன் பேச்ச நான் எடுத்துக்க மாட்டேன். நீ அன்னிக்கி ஒண்ணு சொன்ன, இன்னிக்கி ஒண்ணு சொல்ற. பாப்பா வரட்டும். நீ வராத, அது மட்டும் வரட்டும். அது வாயால இன்னா வருதோ, அத்த வச்சித்தான் காரியம் பண்றதா வேணாமான்னு நான் பாக்கணும்" என்றாள். அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. இத்தனை வருஷத்தில் இந்த விஷயத்தில் யாராவது ஒழுங்காகச் சோதனை செய்கிறார்கள் என்றால் அது அவள்தான்.

ஆகவே, மரகதம், நீ தனியாகப் போக வேண்டும். அவளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லித்தர மாட்டேன். உனக்குத் தெரிந்ததைச் சொல், தெரியாததைத் தெரியாது என்று சொல். அவள் அழுதால் கூட உட்கார்ந்திரு. கல்யாணப் பெண் துக்க வீட்டுக்குப் போகலாமா என்று அம்மா தடுப்பாள். அவளுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். இன்றைக்குக் கன்னியம்மா மீன் எடுக்கப் போகவில்லையாம். குடிசை வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள் என்று கூடைக்காரிகள் சொல்லிக்கொண்டு போனார்கள். புடவைகளை மடித்து வைத்துவிட்டுக் கிளம்பும்மா. இனிமேலும் அவளைக் காக்க வைக்க வேண்டாம்.

உன் அப்பா